குன்னூரில் நாய் தத்தெடுக்க நினைப்பவர்களுக்கு

நாய் வாங்கக் கோயம்புத்தூருக்குக் கிளம்பும் முன்னால் குன்னூரில் நாய், பூனைகளை மீட்டுத் தத்துக் கொடுக்கும் தன்னார்வலர் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காப்பகம் என்று தனிக் கட்டடம் கிடையாது, மீட்ட நாய்களும் பூனைகளும் தன்னார்வலர்களின் வீடுகளிலேயே தற்காலிகமாக வளர்கின்றன, அதனால் கூண்டுக்குள் மிரண்டு நிற்பதைப் பார்த்து அதன் குணத்தை நாமே ஊகிக்க வேண்டியதில்லை. எங்களுக்குக் கிடைத்த பெட்டை நாயை வைத்திருந்த, பக்கத்து ஊரான வெலிங்டனில் இருக்கும் அக்கா, குக்கர் விசிலுக்குக் கட்டிலடியில் ஓடிவிடும், பூனையோடு ஒத்துப்போகும், காரில் ஏறினால் வாந்தி எடுக்கும் என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தார். (கொண்டை ஊசி வளைவுகளில் அந்தக் கடைசித் தகவல் ரொம்ப உதவியது.)

கேள்விகள் நிறையக் கேட்பார்கள். ராத்திரி நாய் எங்கே படுக்கும் என்பதுதான் முதலில், வெளியே கட்டிப்போடுவேன் என்றால் தரமாட்டார்கள். சிலருக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் சிறுத்தை வீட்டு வாசல்வரை வந்து நாயைத் தூக்கிப் போகிற ஊரில் வேறென்ன கேட்பது?

கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசியும் போட்டு, ஊசி அட்டையோடு தந்தார்கள். வருடாந்தர ஊசி நம் பொறுப்பு.

குறை என்றால் தத்துக்கு இருக்கும் நாய்களுக்கு அவர்கள் போடும் படங்கள்தான். எல்லாம் மங்கல், கறுப்பு நாய்கள் வெறும் திட்டாகத் தெரிகின்றன, அதனாலேயே அவற்றை யாரும் கேட்பதில்லை போல. அப்புறம் சீசனில் போனை எடுக்கவே மாட்டார்கள்.

குட்டிகள் சீக்கிரம் போய்விடும், வளர்ந்த நாய்களைக் கேட்டுப் பாருங்கள். இப்போது கோத்தகிரியில் ஒரு வீட்டில் மூன்று கால் ஆண் நாய் இருக்கிறது, பரம சாது, மாடிப்படி மட்டும் ஏறாது.