திருகோணமலை வெயிலிலும் உப்புக்காற்றிலும் 50 மி.மீ. லென்ஸ்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

கனன் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம். 2015இல் வந்தது, எடை 160 கிராம், ஃபில்டர் அளவு 49 மி.மீ. ஏபிஎஸ்-சி (சிறிய சென்சர் உள்ள) கமராவில் 80 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணம் கிடைப்பதால் முகம் எடுக்கத் தோதானது. பலர் இதை வாங்குவது லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, அதாவது எஃப்/1.8இல் வைத்துப் பின்னணியைக் கரைக்கத்தான். நாள்படப் பாவித்தால், துளையைச் சுருக்கி எஃப்/2.8க்கும் எஃப்/4க்கும் இடையில் எடுத்தவையே தேறுகின்றன.

ஒன்றரை மீற்றர் தூரத்தில், 1.8இல் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 6 செ.மீ. முகம் கொஞ்சம் திரும்பினாலே ஒரு கண் தெளிவு, மற்றது மங்கல். எஃப்/4இல் 13 செ.மீ. கிடைக்கும். பின்னால் நிற்கும் தோணியும் தோணி என்று தெரியும். திருகோணமலையின் மீனவக் கரையான திருக்கடலூருக்குப் போய் எடுத்த படத்தில் திருக்கடலூரே இல்லையென்றால் அங்கே போவானேன்? ஒற்றைப் புள்ளி ஃபோக்கஸை வைத்து, கமராவுக்குக் கிட்டவுள்ள கண்ணில் நிறுத்துங்கள்.

நண்பகலில் இன்னொரு சிக்கல். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100இல் 1.8க்கு 1/8000 செக்கன் ஷட்டர் வேகம் தேவைப்படும். ஆரம்பநிலைக் கமராக்கள் பல 1/4000உடன் நின்றுவிடும், படம் வெளுத்துப்போகும். எஃப்/4 என்றால் 1/1600 போதும். ஆனாலும் உச்சி வெயில் கண்குழிகளைக் கறுப்பாக்கிவிடும். ஆளை விறாந்தையின் விளிம்பிலிருந்து அரை மீற்றர் உள்ளே, வெளியே பார்க்க நிறுத்துங்கள். வெயில் விழும் முற்றத்து மண் கீழிருந்து வெளிச்சம் தரும். மண் மங்கலானால் ஒரு வெள்ளை பிரிஸ்டல் போர்டை விரித்தால் சரி.

இங்கே எல்லோரும் காலைச் சூரியனுக்கு ஓடுகிறார்கள். அது கடலிலிருந்து எழுந்து அரை மணித்தியாலத்துக்குள் கண்ணைக் கூசவைக்கும். முகத்துக்கு மாலைதான் நல்லது. சூரியன் ஊர்ப்பக்கம் வீடுகளுக்குப் பின்னால் இறங்கியதும், கடலுக்கு மேலுள்ள கிழக்கு வானம் முழுவதும் மெல்லிய வெளிச்சம். நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, ஆளைக் கடல் பார்க்க வையுங்கள் (அலையில் ஒரு கண் இருக்கட்டும்). சூரியன் இறங்குமுன் என்றால் அது ஆளின் பின்னால் நின்று முடியோரத்தை ஒளிரவைக்கும். அப்போது எக்ஸ்போஷரை +1 கூட்டாவிட்டால் முகம் இருண்டுவிடும்.

“சிரியுங்கோ” என்றால் முகம் விறைக்கும். வலை பொத்துகிறவரிடம், “ஐயா, இந்தக் கண்ணி என்ன மீனுக்கு?” என்று கேளுங்கள். அவர் கண்ணியை விரலால் விரித்துக் காட்டிவிட்டு நிமிர்வார். எடுக்கவேண்டியது அந்த நிமிர்வை.

பராமரிப்பில் ஒரு பலவீனம் உண்டு. கிட்ட ஃபோக்கஸ் செய்யும்போது லென்ஸின் உட்குழல் வெளியே நீளும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் அந்த இடைவெளிக்குள் மண் புகும். நீண்டிருக்கும்போது அடிபட்டால் ஃபோக்கஸ் சிக்கிவிடலாம். அதனால் தூரத்தில் ஃபோக்கஸ் செய்து, குழல் உள்ளே போனபின் கமராவை ஓஃப் செய்யுங்கள், ஹூட்டைக் கழற்றாதீர்கள். கண்ணாடியில் உப்புப் படிந்தால் முதலில் காற்றூதி மண்ணை அகற்றி, பிறகே ஈரத்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். மாரியில் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

வீட்டு அறைக்குள் முழு உருவம் எடுக்க ஏறக்குறைய நாலரை மீற்றர் பின்வாங்க வேண்டும். அந்த வேலைக்கு இதை எடுக்காமல், கமராவோடு வந்த 18-55 லென்ஸைப் பூட்டுங்கள்.