தலைமை ஆசிரியர் செய்யும் செயல் ஆராய்ச்சி: சில கல்வியாண்டுகள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியராகப் பணியாற்றும் நான், தம் பணியில் எழும் ஒரு சிக்கலுக்குத் தாமே ஒரு மாற்றத்தைச் செய்து அதன் விளைவைக் கண்டறியும் செயல் ஆராய்ச்சியைத் திட்டமிடும் முறையை ஒரு பணியிடைப் பயிற்சியில் கற்றேன். அதன்பின் சில கல்வியாண்டுகளாக அதைப் பள்ளியில் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். பயிற்சியின் கடைசி நாளில் நிரப்பித் தரும் கருத்துப் படிவங்களில் எல்லாப் பயிற்சிகளும் பயனுள்ளவையாகவே பதிவாகும். கற்றுக்கொண்டவற்றில் எது அன்றாட வேலையில் ஒட்டிக்கொண்டது, எது தானாக உதிர்ந்தது என்பது பருவங்கள் சில கடந்த பிறகுதான் தெரியும் என்பதால், அந்த அளவில் நின்று இதை எழுதுகிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். முறை நல்லது, ஆனால் அது வகுப்பாசிரியரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. தலைமை ஆசிரியர் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் அது ஆராய்ச்சியாக இல்லாமல் ஆய்வு அலுவலரின் பார்வையாக மாறிவிடும். தான் செய்யும் ஒரு செயலைக் கேள்விக்கு உள்ளாக்கும்போதுதான் அது அவருக்கு உரிய கருவியாகிறது.

பயிற்சியில் தரப்பட்ட திட்ட வரைவுப் படிவம் நம் ஆசிரியர்கள் பலருக்கும் பழக்கமானது. சிக்கலைக் கண்டறிதல், அதற்கான காரணங்கள், செயல் கருதுகோள் (இதைச் செய்தால் இது மாறும் என்ற ஊகம்), முன் தேர்வு, செயல்பாடுகள், பின் தேர்வு, முடிவு என்ற வரிசை அதில் உண்டு. இதன் வேர் 1946-இல் கர்ட் லெவின் எழுதிய கட்டுரைக்குப் போகிறது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அந்த உளவியலாளர், திட்டமிடு, செய், விளைவைக் கண்டறி, அதைக் கொண்டு மீண்டும் திட்டமிடு என்ற சுழற்சியைச் சமூகச் சிக்கல்களுக்காக முன்வைத்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஸ்டீபன் கோரி 1950-களில் அதைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். பிறர் கண்டறிந்ததைப் படித்து மாறுவதைவிடத் தாமே கண்டறிந்ததைக் கொண்டு ஆசிரியர்கள் மாறுவது எளிது என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த வரலாற்றைப் பயிற்சியில் ஓரிரு படவில்லைகளில் கடந்துவிட்டார்கள். நம் படிவத்தில் ஒரு நேர்கோடாக இருப்பது லெவினிடம் ஒரு சுழல் என்பதை அங்கே அழுத்திச் சொல்லியிருந்தால், பலர் பின் தேர்வோடு கோப்பை மூடியிருக்க மாட்டார்கள்.

தலைமை ஆசிரியருக்கு உள்ள இடர்ப்பாடு முதல் வரியிலேயே, தலைப்பிலேயே, தொடங்குகிறது. "ஆறாம் வகுப்பு மாணவர்களின் வகுத்தல் திறனை மேம்படுத்துதல்" என்று ஒரு கணித ஆசிரியர் எழுதினால் அது அவருடைய வகுப்பு, அவருடைய முயற்சி. அதையே தலைமை ஆசிரியர் எழுதினால், ஆசிரியர் அறையில் அது "கணித ஆசிரியர் சரியாகக் கற்பிக்கவில்லை" என்றே வாசிக்கப்படும். நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களான நாமும் சில பாடவேளைகள் எடுக்கிறோம் என்றாலும், பள்ளி அளவிலான எந்தத் தரவும் வேறொருவர் கையைக் கடந்தே நம்மிடம் வருகிறது. கொடுப்பவர் நமக்குக் கீழ் பணியாற்றுபவர். எந்த எண் வந்தால் நமக்குப் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். இந்த ஒரு செய்தியைத் திட்டமிடும்போது கணக்கில் எடுக்காவிட்டால் மற்ற படிகள் எவ்வளவு ஒழுங்காக இருந்தும் பயனில்லை.

ஆகவே என் பள்ளியில் நிலைத்த முதல் விதி, கேள்வியின் எழுவாய் தலைமை ஆசிரியராக இருக்க வேண்டும் என்பது. இதைச் சற்று விரிவாக ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். நோட்டுத் திருத்தம் நம் பள்ளிகளில் எல்லோரும் பார்க்கும் ஒரு பணி. தலைமை ஆசிரியர் பார்க்கிறார், பார்வைக்கு வரும் அலுவலர் பார்க்கிறார், பெற்றோரும் பார்க்கிறார்கள். எல்லோரும் தேடுவது சிவப்பு மை பக்கந்தோறும் இருக்கிறதா, தேதியிட்ட கையொப்பம் இருக்கிறதா என்பதைத்தான். படிவத்தின்படி எழுதினால் இந்தச் சிக்கலின் தலைப்பு "மாணவர்கள் பிழைகளைத் திருத்தி எழுதுவதில்லை" என்று வந்திருக்கும். நாங்கள் எழுதியது வேறு: "தலைமை ஆசிரியர் நோட்டுகளைப் பார்க்கும் முறை மாறினால், ஆசிரியர் திருத்தும் முறையும் மாணவர் பிழையைக் கையாளும் முறையும் மாறுமா?" இந்தக் கேள்வியில் யாரும் குற்றவாளிக் கூண்டில் இல்லை. மாற்றப்படுவது என் வேலை என்பதால் அதைக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசவும் முடிந்தது.

திட்டம் எளிமையானது. எல்லா நோட்டுகளையும் மேசையில் அடுக்கிக் கையொப்பமிடுவதற்குப் பதிலாக, வருகைப் பதிவேட்டின் வரிசை எண்ணைக் கொண்டு வகுப்புக்கு 5 நோட்டுகளை மட்டும் எடுப்பது. ஆசிரியர் தேர்ந்து தருவதை ஏற்பதில்லை. அவற்றில் கடந்த இரண்டு வாரங்களில் குறிக்கப்பட்ட பிழைகள் எத்தனை, அவற்றுள் மாணவர் தாமாக மீண்டும் செய்து சரிபார்க்கப்பட்டவை எத்தனை, தவறான விடைக்குச் சரி குறி விழுந்த இடங்கள் எத்தனை என்று மூன்று எண்களை மட்டும் எழுதிக்கொள்வது. திருத்தப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கையைக் கேட்பதையே நிறுத்திவிட்டோம்.

மீண்டும் செய்யப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை விரைவாகவே உயர்ந்தது. ஒரு சாதாரண அறிக்கை அந்த இடத்தில் வெற்றி என்று முடிந்திருக்கும். ஆனால் நோட்டை மூடி வைத்துவிட்டு, அதே மாதிரியான இன்னொரு கணக்கை வாய்மொழியாக விளக்கச் சொன்னபோது, பல குழந்தைகள் கரும்பலகையில் இருந்த விடையைப் பார்த்து எழுதியிருந்தது புலப்பட்டது. தலைமை ஆசிரியர் எதை எண்ணுகிறாரோ அதுவே பெருகும் என்ற உண்மை, சிவப்பு மையிலிருந்து "மீள்செய்த கணக்கு" என்ற புதிய இடத்துக்கு நகர்ந்திருந்தது, அவ்வளவே. இந்தக் கண்டறிதல்தான் எனக்கு அந்த ஆண்டின் பெரிய பயன். வாய்மொழி விளக்கத்தை இரண்டாவது சான்றாக முதலிலேயே திட்டத்தில் எழுதி வைத்திருந்ததால்தான் அது கிடைத்தது. ஒரே ஒரு சான்றை மட்டும் நம்பும் திட்டத்தை இப்போது நான் தொடங்குவதே இல்லை.

அடுத்த சுழற்சியில் நான் மாற்றியது நேரத்தை. பல வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியர் எல்லாப் பக்கங்களையும் ஆழமாகத் திருத்துவது நடக்கக்கூடியதன்று. ஆகவே கணக்குப் பயிற்சி ஒன்றில் ஒரு கணக்கை மட்டும் ஆழமாகப் பார்த்தால் போதும் என்றும், அடுத்த பாடவேளையின் முதல் பத்து நிமிடங்கள் மாணவர் அதை மீண்டும் செய்து விளக்குவதற்கு உரியவை என்றும் முடிவெடுத்து, தீர்மானப் பதிவேட்டில் எழுதினோம். அது தலைமை ஆசிரியரின் கையொப்பத்துடன் இருந்தது முக்கியம். திருத்தாத பக்கங்களைப் பற்றி யாரேனும் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர் அல்லர் என்ற உறுதி இல்லாமல், எந்த ஆசிரியரும் சிவப்பு மையைக் குறைக்கத் துணிய மாட்டார். வகுப்பாசிரியர் தம் அளவில் செய்ய முடியாத, தலைமை ஆசிரியர் மட்டுமே செய்யக்கூடிய செயல் எது என்று திட்டமிடும்போதே கேட்டுக்கொள்வது இங்கேதான் பயன்படுகிறது. கால அட்டவணை, பணிப் பகிர்வு, கூட்டத்தின் பொருள், பதிவேடுகளில் எதைக் கேட்பது எதை விடுவது, பெற்றோருடன் பேசும் முறை ஆகியவையே நம் கைவசம் உள்ளவை.

காரணங்களைப் பட்டியலிடும் படியைப் பற்றி என் கருத்து கலவையானது. பயிற்சியில் குழுவாக அமர்ந்து தாளில் காரணங்களை எழுதினோம். பெற்றோரின் அறியாமை, வறுமை, கைப்பேசி, ஆர்வமின்மை என்று எந்தச் சிக்கலுக்கும் பொருந்தும் நான்கு சொற்கள் எல்லாக் குழுக்களின் தாளிலும் இருந்தன. அவை பொய்யல்ல, ஆனால் அவற்றைக் கொண்டு திங்கட்கிழமை காலையில் எதையும் செய்ய முடியாது. காரணத்தை ஊகிப்பதற்கு முன் பதிவேட்டைக் கிழமைவாரியாகப் பிரித்துப் பார்ப்பது எனக்கு அதைவிட உதவியது. வருகைக் குறைவு என்று பொதுவாகச் சொல்லப்பட்ட ஒன்று, பிரித்தபோது வாரச் சந்தை நாளிலும், தொலைவிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்று திரும்பும் திங்கட்கிழமையிலும் குவிந்திருந்தது. இரண்டும் வெவ்வேறு குழந்தைகள், வெவ்வேறு காரணங்கள். பள்ளிக் கல்வித் துறையின் தகவல் முறைமையான எமிஸ் செயலியில் நாள்தோறும் வருகையைப் பதிவேற்றுகிறோம். அனுப்புவதற்காக மட்டுமே நாம் தொட்டுக்கொண்டிருந்த அந்தத் தரவு, நமக்கே விடை சொல்லும் என்பதைப் பழக்கிக் கொடுத்தது இந்த முறைதான்.

முன் தேர்வு, பின் தேர்வு என்ற இணையை நான் ஏறக்குறையக் கைவிட்டுவிட்டேன். ஜூலையில் தெரியாத ஒன்று செப்டம்பரில் ஓரளவு தெரிந்திருக்கும். நம் செயல்பாடு இல்லாவிட்டாலும் பின் தேர்வு மதிப்பெண் உயரத்தான் செய்யும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் செயல்பாடு நடத்தப்படாத ஒரு கட்டுப்பாட்டுக் குழுவை வைக்கலாம் என்று நூல்கள் சொல்லும். ஒரு வகுப்புக்கு ஒரே பிரிவு உள்ள பள்ளியில் அதற்கு ஆள் எங்கே? அதற்கு மாற்றாக நான் பின்பற்றுவது, ஒரே செயல்பாட்டை வகுப்புக்கு வகுப்பு தள்ளித் தொடங்குவது. ஆறாம் வகுப்பில் முதலில், சில வாரங்கள் கழித்து ஏழாம் வகுப்பில், அதன்பின் எட்டாம் வகுப்பில். ஒவ்வொரு வகுப்பிலும் மாற்றம் அந்தந்தத் தொடக்கத்துக்குப் பிறகே தென்பட்டால், அதைச் செயல்பாட்டோடு இணைத்துப் பேச ஓரளவு துணிவு வருகிறது. விழுக்காட்டையும் தவிர்க்கிறேன். 23 பேர் உள்ள வகுப்பில் ஒரு குழந்தை மாறினாலே 4 விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடும். "23 பேரில் 9 பேர்" என்று எழுதினால் யாரும் ஏமாற மாட்டார்கள். கற்கும்போதே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று முப்பருவ முறையில் பதிவான மதிப்பெண்களும் இந்த வேலைக்கு மிகவும் பருமனானவை. அவை பருவ முடிவில் கிடைப்பவை. நமக்கு வேண்டியது வாரத்துக்கு வாரம் அசையும் ஒரு சிறு சான்று.

காலத்தைத் திட்டமிடுவது குறித்துப் பயிற்சியில் எதுவும் சொல்லப்படவில்லை. தமிழ்நாட்டின் கல்வியாண்டை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்பது விளங்கும். ஜூன் மாதம் சேர்க்கையிலும் பாடநூல், சீருடை வழங்கலிலும் கரைந்துவிடும். ஜூலைத் தொடக்கம் முதல் காலாண்டுத் தேர்வு வரை உள்ள வாரங்களே ஒரு முழுச் சுழற்சிக்கு ஏற்றவை. அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவமழை விடுமுறைகளைத் தன் விருப்பப்படி தீர்மானிக்கும். பொங்கலுக்குப் பிறகு கிடைக்கும் இடைவெளியில், முன்பே செய்ததைச் சிறு மாற்றத்துடன் மீண்டும் செய்து பார்க்கலாமே தவிர, புதிய கேள்வியைத் தொடங்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு கேள்வி என்பதே என் இப்போதைய அளவு.

அதிகாரத்தால் வரும் திரிபைக் குறைக்க இரண்டு ஏற்பாடுகள் நிலைத்திருக்கின்றன. முதலாவது, அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் பழக்கமான வேறொரு பள்ளியின் தலைமை ஆசிரியரைத் திறனாய்வு நண்பராக வைத்துக்கொண்டது. அவர் என் குறிப்புகளை வாசித்து, "இந்த முடிவுக்கு எந்தப் பக்கத்தில் சான்று இருக்கிறது?" என்று கேட்பார், நான் அவருடையதைக் கேட்பேன். அவருக்கு என்னிடம் அஞ்ச வேண்டியது எதுவும் இல்லை என்பதே அதன் மதிப்பு. இரண்டாவது, ஆராய்ச்சிக்காகப் பார்த்த எதையும் ஆசிரியரின் பணி மதிப்பீட்டில் பயன்படுத்துவதில்லை என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்வது. சொல்வது எளிது. வகுப்பறையில் கண்ட ஒரு குறையை மறந்ததுபோல் இருப்பது தலைமை ஆசிரியருக்குக் கடினமான பயிற்சி. ஆனால் அந்த ஒப்பந்தம் ஒருமுறை மீறப்பட்டால் அடுத்த ஆண்டு முதல் நமக்கு வரும் எண்கள் எல்லாம் அழகாகவே இருக்கும்.

இந்த முறைக்கு ஆகும் செலவு பணத்தில் எதுவும் இல்லை. வாரத்துக்கு ஒரு பாடவேளை அளவு நேரமும், ஒரு தனி நோட்டும் போதும். அறிக்கை எழுதுவதுதான் சுமை. கேட்கப்படும் அறிக்கை வடிவம் ஓர் ஆய்வேட்டின் சுருக்கம் போல இருப்பதால், உண்மையில் வேலை செய்தவர்கள் எழுதத் தயங்குகிறார்கள், எழுதத் தெரிந்தவர்கள் எழுதிவிடுகிறார்கள். நான் கேள்வி, செய்தது, கண்டது, அடுத்தது என்று இரண்டு பக்கங்களில் எழுதிப் பள்ளியில் வைத்துவிட்டு, படிவத்தைத் தனியே நிரப்பி அனுப்புகிறேன். பள்ளித் தலைமைத்துவத்துக்கெனத் தேசிய அளவில் 2012 முதல் ஒரு மையம் இயங்குகிறது. திக்ஷா என்ற தேசியக் கல்வி இணையதளத்திலும் பாடங்கள் கிடைக்கின்றன. கருத்துகளைப் புரிந்துகொள்ள இணையவழிப் பாடங்கள் போதுமானவை. கேள்வியைச் சுருக்கும் கலைக்கு மட்டும், எதிரில் அமர்ந்து மறுத்துப் பேசும் ஒருவர் தேவை. ஆகவே நேரடிப் பயிற்சிக்கு வாய்ப்புக் கிடைப்பவர்கள், தங்கள் பள்ளியின் ஒரு வகுப்பின் கடந்த பருவ வருகைப் பதிவையும் தாங்கள் வாரந்தோறும் செய்யும் ஏதேனும் ஒரு பணியைப் பற்றிய கேள்வியையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் முதல் ஆண்டிலேயே இதைத் தொடங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆசிரியர்கள் நம்மை அறிந்துகொள்ளும் முன் நாம் நோட்டும் பேனாவுமாக வகுப்பு வாசலில் நின்றால், காரணத்தை எவ்வளவு விளக்கினாலும் அவர்கள் அதை அலுவலரின் ஆய்வாகவே எடுத்துக்கொள்வார்கள்.