நாயும் பூனையும் இருக்கிற வீட்டில் கோழி: திறந்து விடுவதா, அடைத்து வைப்பதா?

கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த இனம், எத்தனை முட்டை என்பதுதான். வீட்டில் ஏற்கெனவே ஒரு நாயோ பூனையோ இருந்தால் அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: பகல் முழுக்கக் கோழிகள் எங்கே இருக்கப் போகின்றன? எனக்குத் தெரிந்து மூன்று வழி உண்டு. தோட்டத்தில் திறந்து விட்டு மேய விடலாம். நிலையான கூடு கட்டி, அதை ஒட்டி வலையடித்த அடைப்புக்குள் வைக்கலாம். இல்லையென்றால் தினமும் இடம் மாற்றி வைக்கிற நகரும் கூண்டு. மூன்றையும் செய்து பார்த்தாயிற்று, மூன்றிலும் அடி வாங்கியாயிற்று. இப்போது நான்கு பெட்டை, ஒரு நாய், ஒரு பூனை என்று வண்டி ஓடுகிறது.

திறந்து விடுவதில்தான் கோழிக்கு உண்மையான சுகம். காலையில் கதவைத் திறந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்து ஓடி, சருகைக் காலால் பின்னுக்குத் தள்ளி, ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்து, கிடைத்த புழுவைக் கவ்விக்கொண்டு மற்ற மூன்றிடமும் பறிகொடுக்காமல் ஓடுகிற ஓட்டத்தைக் கூண்டுக்குள் பார்க்க முடியாது. காய்ந்த மண்ணில் குழி பறித்துப் படுத்து, இறகுக்குள் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிற மண்குளியல், பேனுக்கு அது தானே செய்துகொள்கிற வைத்தியம். பச்சை இலை தின்றால் மஞ்சள் கருவும் நல்ல நிறமாக வரும். ஆனால் மேய விட்டால் தீனிச் செலவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முட்டையிடும் பெட்டைக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீனி வேண்டும். ஒரு முட்டையின் ஓட்டுக்கு மட்டுமே சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது, அவ்வளவையும் புல்லும் பூச்சியும் கொடுத்துவிடாது. மேய்ச்சலால் தீனி கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான்.

தொல்லைகளில் சின்னது, தோட்டம் போவது. நேற்று நட்ட நாற்று இன்று மல்லாந்து கிடக்கும், வாசற்படியில் எச்சம் கிடக்கும், இதெல்லாம் பழகிவிடும். முட்டையைத் தேடி அலைவதுதான் பழகாது. நம் கறுப்புப் பெட்டை ஒருநாள் காணாமல் போனது. பருந்து தூக்கிவிட்டது என்று முடிவு கட்டி, வருத்தப்பட்டு, மறந்தும் போனோம். மூன்று வாரம் கழித்து விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து ஏழு குஞ்சுகளோடு வெளியே வந்தது (அப்போது சேவலும் இருந்தது). அடை உட்கார்ந்த கோழி நாளுக்கு ஒரு தடவை, கால் மணி அரை மணி மட்டும் எழுந்து வந்து தின்றுவிட்டுப் போகும். அந்த 21 நாளும் அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

குஞ்சுகளைப் பார்த்ததும் பூனைக்கு வந்த உற்சாகம் இருக்கிறதே! வயிறு தரையில் தேய, வாலின் நுனி மட்டும் துடிக்க, நகர்ந்து நகர்ந்து போனது. தாய்க்கோழி இறக்கையை விரித்து, இறகையெல்லாம் சிலிர்த்து இரண்டு மடங்காகி, நேராகப் பூனையின் முகத்துக்கே பாய்ந்தது. அன்றிலிருந்து பூனை அந்தக் கோழியைக் கண்டால் சுவரோரமாகச் சுற்றிப் போகிறது. வளர்ந்த கோழிக்கும் பூனைக்கும் பெரும்பாலும் இந்த ஒப்பந்தம்தான், ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதில்லை. குஞ்சு கதை வேறு. தாயை விட்டுத் தள்ளி மேய்ந்த இரண்டு குஞ்சு அந்த வாரத்துக்குள் போய்விட்டன. பூனையைத் திட்டி என்ன பயன், கீச்சென்று கத்திக்கொண்டு உருளுகிற எதையும் அது இரை என்றுதான் எடுத்துக்கொள்ளும். குஞ்சு இருக்கிற வீட்டில் பூனையும் இருந்தால் திறந்து விடுவது என்ற பேச்சே கூடாது.

நாய் விஷயம் இன்னும் நுட்பமானது. எங்கள் நாய் கோழிகளுக்கு நடுவிலேயே படுத்துத் தூங்கும், அவை அதன் முதுகில் ஏறி நடந்தாலும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். எட்டு மாதம் அப்படித்தான் போனது. ஒருநாள் ஏதோ சத்தத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டை பயந்து இறக்கை அடித்துக்கொண்டு தரையோடு தரையாகப் பறந்தது, அடுத்த நொடி நாய் பின்னால். கத்திக்கொண்டு ஓடிப் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. கோழியின் உடம்பில் பல் பட்ட தடம்கூட இல்லை, பயத்திலும் அமுக்கியதிலுமே செத்துப்போனது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது, அதற்கு அது விளையாட்டு. நடக்கிற கோழியிடம் சாதுவாக இருக்கிற நாய், ஓடுகிற கோழியிடமும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. துரத்தும் குணம் எதில் கிளம்பும் என்பது அது கிளம்புகிற வரைக்கும் தெரியாது. என் நாய் ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்கிற ஒரே கேள்வி, கோழி பறந்தபோது அது என்ன செய்தது என்பதுதான்.

சரி, அடைத்து வைப்பதற்கு வருவோம். கோழி ஒன்றுக்கு உள்ளே தூங்குமிடம் 4 சதுர அடி, வெளியே அடைப்பு 10 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் நெருக்கடி வராது. நான்கு பெட்டைக்கு 5-க்கு 8 அடி அடைப்பு போதும். உட்காரும் கட்டையில் தலைக்கு 8 முதல் 10 அங்குலம் இடம், முட்டையிட ஓரடிப் பெட்டி ஒன்று. நான்கு பெட்டி வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நின்று சண்டை போடும் என்பதால் அதில் காசைக் கரைக்க வேண்டாம்.

காசைப் போட வேண்டியது வலையில். அறுகோணக் கண் வைத்த மெல்லிய கம்பி வலையைக் கோழி வலை என்று விற்கிறார்கள். அது கோழி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும், வெளியே இருப்பது உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளாது. முனைப்புள்ள நாய் அதைப் பல்லால் பிய்த்துவிடும், எலிக்கும் பாம்புக்கும் அது திறந்த வாசல். அரை அங்குலக் கண் வைத்த வெல்டு மெஷ், அதாவது கம்பிகள் சந்திக்கிற இடமெல்லாம் பற்றவைத்த வலைதான் சரி. சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஓரடி அகலத்துக்கு அதே வலையைத் தரையில் படுக்க வைத்து மேலே மண்ணைப் போட்டுவிடுங்கள். தோண்டுகிற மிருகம் சுவரை ஒட்டித்தான் தோண்டும், வலை தட்டினால் இரண்டடி தள்ளிப் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. நான் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, காற்றுக்காகக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே விட்ட இடைவெளியில் ஒரு முழ நீளம் வலையடிக்காமல் நாளைக்கு என்று விட்டேன். மறுநாள் காலையில் இறகுதான் கிடந்தது. எது வந்தது என்று இன்று வரை தெரியாது.

அடைப்பின் பலவீனம், தரை. ஒரே இடத்தில் எச்சம் விழுந்து, மழையில் ஊறி, சேறாகி, அந்த ஈரத்தில்தான் ரத்தக் கழிச்சல் போன்ற நோய் பரவும். மரச்சீவலோ காய்ந்த இலையோ 4 முதல் 6 அங்குலம் பரப்பி, ஈரமாகாமல் பார்த்து, மேலே மேலே போட்டுக்கொண்டே வந்தால் கோழிகளே கிளறி மக்க வைத்துவிடும். குனிந்து மூக்கை வைத்துப் பார்த்து கண் எரிகிறது என்றால் அது அம்மோனியா, காற்றோட்டம் பற்றவில்லை என்று அர்த்தம். அப்புறம் சலிப்பு. கிளறுவதற்கு ஒன்றும் இல்லாத கோழிகள் ஒன்றன் இறகை ஒன்று பிடுங்க ஆரம்பிக்கும், ரத்தம் தெரிந்துவிட்டால் நிறுத்தாது.

தீனி சிந்துகிற இடத்துக்கு எலி வரும், எலி வந்தால் மருந்து வைக்கத் தோன்றும். நாய், பூனை, கோழி மூன்றும் இருக்கிற வீட்டில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். விஷம் தின்று தள்ளாடுகிற எலியைப் பூனை பிடிக்கும், நாய் பிடிக்கும், கோழியும் கொத்தும். மூவருக்கும் ஆபத்து. ராத்திரி தீனிப் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைப்பதுதான் பாதி வைத்தியம், மீதிக்கு எலிப்பொறி.

நகரும் கூண்டு என்பது பஞ்சாரத்துக்குச் சக்கரம் வைத்த மாதிரிதான்: அடியில் தரை இல்லாத, இழுத்து நகர்த்தக்கூடிய வலைப்பெட்டி. தினமும் அதன் நீளத்துக்கு நகர்த்தினால் கோழிக்குப் புதுப் புல், நிலத்துக்கு உரம், சேறும் இல்லை. கேட்க அழகாக இருக்கிறது. தினமும் நகர்த்த வேண்டும் என்பதில்தான் சிக்கல். மழை பெய்கிற நாளிலும், காய்ச்சலாகக் கிடக்கிற நாளிலும் நகர்த்த வேண்டும், இரண்டு நாள் விட்டால் அடியில் புல் போய்விடும். அவசரத்தில் இழுத்தபோது பின்சட்டத்தில் ஒரு பெட்டையின் கால் மாட்டி, அது இரண்டு வாரம் நொண்டியது, தப்பு முழுக்க என்னுடையது. இலேசாக இருந்தால்தான் இழுக்க முடியும், இலேசாக இருந்தால் காற்றும் நாயும் கவிழ்த்துவிடும். மேடுபள்ளமான தரையில் ஒரு பக்கம் எப்போதும் நான்கு விரல் இடைவெளி நிற்கும். அப்புறம் எங்கள் நாய் அதைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கோழிகளை மிரட்டியே ஒரு வாரம் முட்டை நின்றுபோனது. நிலையான அடைப்பையும் முதலில் சுற்றியதுதான், ஆனால் அது அசையாமல் ஒரே இடத்தில் நின்றதால் நாய்க்குப் பத்து நாளில் சலித்துவிட்டது. நகரும் கூண்டு தினமும் புதுப் பொம்மை. வெயில் காலத்திலும் இதுதான் மோசம். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும், நிழல் நகர்ந்துபோன சின்னப் பெட்டிக்குள் அதற்கு ஒதுங்க இடம் கிடையாது.

நோய் விஷயத்தில் நிலையான அடைப்புக்குத் தனி மதிப்பெண். கூரை இருந்தால் காட்டுப் பறவையின் எச்சம் உள்ளே விழாது. பறவைக் காய்ச்சல் பரவிய 2022 நவம்பரில் இங்கிலாந்து முழுக்க வீட்டில் வளர்க்கிற கோழிகளையும் அடைத்தே வைக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது, அந்த மாதிரி நேரத்தில் மற்ற இரண்டு வழிக்காரர்களும் ஓடி ஓடி அடைப்பு கட்ட வேண்டியதுதான். அந்தக் காய்ச்சலைக் கொண்டுவருகிற எச்5என்1 வைரஸ் பூனையையும் தாக்கிக் கொல்லும் என்பதால் செத்துக் கிடக்கிற காட்டுப் பறவையைப் பூனை தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மனிதருக்கு வயிற்றுப்போக்கு தருகிற சால்மோனெல்லா கிருமி மூன்று வழிக்கும் பொது, பார்க்க ஆரோக்கியமான கோழியிடமும் அது இருக்கும். எச்சத்தை ருசித்துவிட்டு நாய் வந்து முகத்தை நக்குகிற வீட்டில் சோப்புப் போட்டுக் கை கழுவுவதற்குச் சோம்பல் படக் கூடாது.

நான் எதில் நின்றேன் என்றால், நிலையான அடைப்பு, சாயங்காலம் மட்டும் திறந்து விடுவது. இருட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் நாயை உள்ளே கட்டிவிட்டுக் கதவைத் திறக்கிறேன். கோழிகள் பெரும்பாலும் முற்பகலில் முட்டையிட்டுவிடும். இரண்டு முட்டைக்கு நடுவே 24 மணிக்கு மேல் ஆவதால் நேரம் தினமும் கொஞ்சம் தள்ளிப்போனாலும், சாயங்காலத்துக்குள் அநேகமாக எல்லாம் பெட்டிக்கு வந்திருக்கும், விறகு அடுக்குக்குப் பின்னால் தேடுகிற வேலை இல்லை. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் பொழுது சாய்ந்ததும் தானாகவே கூட்டுக்குத் திரும்பிவிடும், விரட்டிப் பிடிக்கிற வேலையும் இல்லை. நடுவில் நான் வெளியில்தான் உட்கார்ந்திருப்பேன், ஆள் நடமாட்டம் இருந்தால் பருந்தும் அவ்வளவு துணிந்து இறங்குவதில்லை. இரண்டே கோழி, சமமான புல்தரை, நாய் இல்லாத வீடு, தினமும் இழுக்க ஆள் உண்டு என்றால் நகரும் கூண்டை எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. பகல் முழுக்கத் திறந்து விடுவதற்குப் பெரிய இடம், ஒளிந்துகொள்ளப் புதர், பருந்தைக் கண்டதும் குரல் கொடுக்கிற ஒரு சேவல், அப்புறம் அவ்வப்போது ஒன்றை இழக்கிற மனசு, இத்தனையும் வேண்டும். கடைசியது என்னிடம் இல்லை.

இந்த ஏற்பாட்டில் ஆள் இல்லாத நாள்தான் ஓட்டை. சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை என்றால் அன்றைக்குத் திறப்பதே இல்லை, ஒரு கட்டு கீரையை உள்ளே தொங்கவிட்டுவிட்டுப் போகிறேன். மற்ற நாளில் இருட்டினதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் கட்டையில் எண்ணிவிட்டுத்தான் கதவைச் சாத்துவது. முந்தாநாள் எண்ணினேன், மூன்றுதான் இருந்தது. விறகு அடுக்கு, புதர், வேலியோரம் எல்லாம் பார்த்துவிட்டு, நெஞ்சு அடித்துக்கொள்ளக் கொல்லைப்புறக் கதவுக்கு வந்தால், கறுப்பி விளக்கு வெளிச்சத்தில் பூனையின் தட்டில் மிச்சம் இருந்ததைக் கொத்திக்கொண்டிருந்தது. பூனை மூன்றடி தள்ளி உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தது.