கன்டென்ட் ஐடி: கருவிக்கு முழு மதிப்பெண், நடைமுறைக்குப் பாதிதான்

ஏற்றப்படும் வீடியோவில் பிறருக்கு உரிமையுள்ள பாட்டோ காட்சியோ இருக்கிறதா என்று தானாகத் தேட 2007-இல் யூடியூப் கொண்டுவந்த கன்டென்ட் ஐடியைத் தொழில்நுட்பமாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. பின்னணியில் ஒரு பாட்டு சில நொடி ஓடினாலே பிடித்துவிடுகிறது. ஆனால் அதைக் கையில் கொடுப்பது இசை, டிவி, சினிமா நிறுவனங்கள் போன்ற பெரிய உரிமையாளர்களுக்குத்தான். தனி ஆளின் வீடியோ திருடுபோனால் வெப்ஃபார்மை நிரப்பி நீக்கச் சொல்லலாம், அவ்வளவே. திருடியவருக்குப் போகும் வருமானத்தைத் தன் பக்கம் திருப்ப வழியில்லை.

‘இது எங்களுடையது’ என்று உங்கள் வீடியோ மீது கிளைம் வந்தால் யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் காப்பிரைட் விவரத்தைத் திறந்து, அந்தப் பகுதியை வெட்டலாம், பாட்டை மட்டும் நீக்கலாம், அல்லது கிளைம் தவறு என்று டிஸ்பியூட் போடலாம். டிஸ்பியூட்டை 5 நாளுக்குள் போடுங்கள். அப்போதுதான் கிளைம் வந்த நாள் முதலான வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். தாமதித்தால் டிஸ்பியூட் போட்ட நாளிலிருந்துதான். அதை முதலில் பரிசீலிப்பது யூடியூப் அல்ல, கிளைம் போட்ட நிறுவனமேதான்! அதற்கு 30 நாள் அவகாசம் வேறு. நிராகரித்தால் அப்பீல், அதில் அவர்களுக்கு 7 நாள். வீடியோ பிளாக் ஆகியிருந்தால் முதல் கட்டத்தை விட்டுவிட்டு நேரே அப்பீலுக்குப் போகலாம், 30 நாள் மிச்சம்.

தண்டனையில்தான் பாரபட்சம் பளிச்சென்று தெரிகிறது. உரிமையாளர் கேட்டு வீடியோ நீக்கப்பட்டால் சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக், 90 நாளில் 3 ஸ்ட்ரைக் வாங்கினால் சேனலே போகும். தவறான கிளைம் போடும் நிறுவனத்துக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. திரும்பத் திரும்பச் செய்தால் வசதி பறிக்கப்படலாம் என்பதோடு சரி. 2021-இன் முதல் பாதியில் 72 கோடிக்கு மேல் கிளைம்கள், சுமார் 37 லட்சம் டிஸ்பியூட்கள். அவற்றில் 60 சதவீதம் வீடியோ போட்டவர்களுக்கே சாதகமாக முடிந்தன. நியாயம் உங்கள் பக்கம் இருந்தால் தயங்க வேண்டியதில்லை.

உரிமை, உரிமை என்று பேசும் நிறுவனங்களின் லட்சணத்துக்கு அமெரிக்க ஊடக நிறுவனமான வயாகாமின் வழக்கு போதும். 100 கோடி டாலர் கேட்டு 2007-இல் யூடியூப் மீது வழக்குப் போட்டார்கள். வயாகாமே குறைந்தது 18 மார்க்கெட்டிங் ஏஜென்சிகளை வைத்து, திருட்டு காப்பி போலத் தெரிய தரத்தைக் கெடுத்துத் தன் கிளிப்களை ஏற்றியது என்று 2010-இல் யூடியூப் போட்டுடைத்தது. ஏற்றியது தாங்களே என்று தெரியாமல் நீக்கச் சொல்லி, பிறகு திரும்பப் போடச் சொன்னதும் நடந்ததாம். 2014-இல் சமரசம்.

கிளைம் போட்ட நிறுவனம் அப்பீலையும் தாண்டி வீடியோவை நீக்கவைத்தால், நீக்கியது தவறு என்று சட்டப்படி மறுக்கும் கவுன்டர் நோட்டிஃபிகேஷன் மிச்சம். 10 வேலைநாளுக்குள் அவர்கள் நீதிமன்றம் போனதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ பொதுவாகத் திரும்ப வரும். அந்தப் படிவத்தில் தரும் பெயரும் முகவரியும் அப்படியே எதிர்த்தரப்புக்குப் போகும் என்பதால், வக்கீல் மூலம் அனுப்புவது நல்லது.