பழைய பனியன் கம்பெனி, மூன்று ஷட்டில் கோர்ட், காலை 5.30

திருப்பூர் மங்கலம் ரோட்டுப் பக்கம் பனியன் கம்பெனியாக இருந்த ஒரு தகர ஷெட்டை ஷட்டில் கோர்ட் ஆக்கியிருக்கிறார்கள். சுவரில் ‘கட்டிங் செக்‌ஷன்’ என்ற பெயின்ட் எழுத்து இன்னும் அழியவில்லை. போன ஆடி மாதத்திலிருந்து வாரத்துக்கு ஐந்து நாள் அங்கே ஆடுகிறேன். வயது 44. எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். அதனால் செலவிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

இதற்கு முன் ஒரு ஜிம்மில் வருடத்துக்கு 9,000 ரூபாய் கட்டினேன். போனது 11 நாள். ஆக, நாளுக்கு 818 ரூபாய். ஜிம் மேல் தப்பில்லை. டிரெட்மில்லில் ஏறினால் என் கண் அந்தச் சிவப்பு எண்ணை விட்டு நகராது. அரை மணி ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் நாலு நிமிடம்தான் ஓடியிருக்கும். அப்புறம் யூடியூப் பார்த்து வீட்டில் ஜூம்பா, பாட்டுக்கு ஆடுகிற உடற்பயிற்சி. கீழ் வீட்டுக்காரம்மா ஒரு வாரம் பொறுத்துக்கொண்டார். அப்புறம் நடை. நடை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஷிப்மென்ட் நெருக்கும்போது முதலில் விடுபட்டது அதுதான். நான் போகாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

மூன்று மாத சராசரி சுகர் 6.1 என்று வந்தபோது, “வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசையணும்மா, எதுன்னாலும் சரி” என்றார் டாக்டர். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்தபட்ச அளவும் அதுதான். அந்த ‘எதுன்னாலும் சரி’யைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன்.

காலையில் ஒரு மணி நேரத்துக்கு 240 ரூபாய். நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 60. மாலையில் கூட்டம் அதிகம், 360 கேட்கிறார்கள். எங்கள் நாலு பேரில் ஒருவர் வராவிட்டாலும் டபுள்ஸ் கெட்டது. அதனால் 5.10க்கெல்லாம் போன் அடிக்கும்: “ஏங்க்கா, கெளம்பிட்டீங்களா?” நடைக்குப் போன காலத்தில் இப்படிக் கேட்க ஆளில்லை.

எங்கள் செட்டில் தபால் துறையில் ஓய்வு பெற்ற சார் ஒருவர் இருக்கிறார், 61 வயது. அவர் ஓடவே மாட்டார். நெட்டுக்கு ஒரு சாண் பின்னால் ஷட்டிலைப் பூப்போல இறக்கிவிட்டு நம்மை ஓட விடுவார். நான் பள்ளியில் ஆடியது பூப்பந்து: திறந்தவெளி, மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். அந்தக் கனமான மட்டைக்குப் பழகிய கை, முதல் வாரம் முழுக்க ஷட்டிலை எல்லைக்கோட்டுக்கு வெளியே அனுப்பியது. சார் ஒவ்வொரு தடவையும் போய் எடுத்துக்கொண்டு வந்து, “தபால் விலாசம் தப்புங்க” என்பார்.

இப்போது கோர்ட்டைப் பற்றி. மூன்றில் இரண்டு, மரப்பலகை அடித்து அதன் மேல் பச்சை மேட் விரித்தவை. கால் வைத்தால் ‘தொம்’ என்று ஒரு சத்தம், கூடவே லேசாக மேலே தூக்கிவிடும். சுவரோரமாக இருக்கும் மூன்றாவதில் சிமென்ட் தரையின் மேலேயே மேட்டைப் போட்டுவிட்டார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மறுநாள் மாடிப்படி ஏறும்போது முழங்கால் சொல்லிவிடும். இரண்டுக்கும் ஒரே வாடகை வாங்குவது நியாயமில்லை, கேட்டேன், சிரித்தார்கள். புக் செய்யும்போது முதல் இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

விளக்குகளைப் பக்கவாட்டில் வைத்திருப்பது நல்ல வேலை. நேர் மேலே இருந்தால் உயரமாக வரும் ஷட்டிலை அண்ணாந்து பார்க்கும்போது கண் கூசும். ஆனால் கூரை தாழ்வு. உயரத் தூக்கி லாப் அடித்தால் இரும்புச் சட்டத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அண்ணாந்து பார்த்தால் வௌவால் கூட்டம்போல வரிசையாக ஷட்டில்கள் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் தொரட்டியோடு வந்து தட்டிவிடுவான், அன்றைக்கு யாருக்கு எது என்று ஒரு பஞ்சாயத்து.

காற்றில் ஷட்டில் விலகும் என்று ஆட்டத்தின்போது ஃபேன் போட மாட்டார்கள். சித்திரை, வைகாசியில் 6 மணிக்கே சட்டையைப் பிழியலாம். துண்டு இரண்டு எடுத்துப் போங்கள். பெண்கள் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, ஆனால் பையை மாட்ட ஓர் ஆணிகூட இல்லை. மூன்று மாதமாகக் கேட்கிறோம். பனியன் கம்பெனியாக இருந்த கட்டிடத்தில் ஓர் ஆணிக்கா பஞ்சம்?

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். இறகு ஷட்டிலுக்கு ஆசைப்படாதீர்கள். இருக்கும் 16 இறகில் ஒன்று முறிந்தாலே தள்ளாடும், நம்மைப்போன்றவர்கள் கையில் அரை மணி தாங்காது. நைலான் போதும். தக்கையைச் சுற்றியுள்ள பட்டை பச்சை என்றால் மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். சூட்டில் ஷட்டில் வேகமாகப் பறக்கும் என்பதால் நம் ஊருக்குப் பச்சைதான் சரி. கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுப்பார், டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். அடுத்தது ஷூ. மேட்டில் கறை படியாத, தட்டையான ரப்பர் அடி உள்ளதுதான் வேண்டும். ஓட்டத்துக்கான தடித்த குதிகால் ஷூவைப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்து கணுக்கால் பிசகி, பத்து நாள் கட்டோடு ஆபீஸ் போனவள் சொல்கிறேன்.

மாதம் 22 நாள் என்றால் 1,320 ரூபாய், ஷட்டிலுக்கு ஒரு நூறு. டிரெட்மில்லில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆள்தான், இப்போது 6.30க்கு அந்தப் பையன் விசிலடித்து “அக்கா, டைம் ஆயிருச்சுங்க” என்றால், “19-18ல நிக்குது, ரெண்டு நிமிஷம் தம்பி” என்று கெஞ்சுகிறேன். ஒருநாளும் விட்டதில்லை. அடுத்த செட் ஆட்கள் வாசலில் மட்டையோடு முறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

கோர்ட் பெயரை மட்டும் கேட்காதீர்கள். 5.30 ஸ்லாட்டுக்கு இப்போதே மூன்று செட் காத்திருக்கிறது.