திருச்சியில் பழங்காசு வாங்கப் போன கதை

போன முறை ஊருக்கு வந்தபோது ஒரு கோயில் வாசல் கடையில் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு செம்புக் காசு வாங்கினேன். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818. "சக்தி உள்ள காசு, காந்தம் மாதிரி அரிசியை இழுக்கும் சார்" என்று காதோடு சொன்னார் கடைக்காரர். அரிசியை நம்பவில்லை, வருஷத்தை நம்பிவிட்டேன். சிங்கப்பூரில் காசு சேர்க்கும் நண்பரிடம் நீட்டினால், கையில்கூட வாங்காமல் சிரிக்கிறார். கம்பெனி சென்னையில் அடித்த வராகன் என்ற தங்கக் காசில் பெருமாள் உண்டு. ஆனால் இந்த 1818 ராமர் அணா மட்டும் கம்பெனி அடித்ததே இல்லையாம், எல்லாம் பின்னால் யாரோ செய்து விற்றது.

அதனால் இந்த முறை பெட்டியில் நகைக்கடைத் தராசு போல ஒரு சின்ன டிஜிட்டல் தராசும் வந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "எங்க நகையை எடை போட வந்தியா?" என்றார்.

முதலில் போனது கண்ணாடி ஷோகேஸ் வைத்த கடை. விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். 1835-லிருந்து வெள்ளைக்காரன் போகும்வரை ரூபாயின் எடை ஒன்றேதான், 11.66 கிராம், அதாவது பழைய எடைக் கணக்கில் ஒரு தோலா. தராசு 10.3 காட்டியது. "பழசு சார், தேஞ்சிருக்கும்" என்றார். தேய்ந்தால் ராணியின் மூக்கும் கிரீடமும்தானே முதலில் தேய வேண்டும்? அவை நேற்று அடித்த மாதிரி கூர்மையாக இருந்தன. தராசை எடுத்ததுமே அவர் முகம் சுருங்கியதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து, தெரிந்தவர் வழியாக கரூரிலிருந்து ஒரு போன். அமராவதி ஆற்றில் எடுத்த ரோமாபுரிக் காசாம், ராத்திரியே வந்தால் தருவாராம். அமராவதியில் ரோமானியக் காசு கிடைத்திருப்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் இந்த வியாபாரமே. நிஜமாகவே மண்ணில் எடுத்த புதையல் என்றாலும் கலெக்டரிடம் சொல்ல வேண்டும், 1878-லிருந்தே சட்டம் அப்படி. போகவில்லை.

கடைசியில் பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு சந்து, மாடிப்படி, மேலே ஒரு பெரியவர். போர்டுகூடக் கிடையாது. தராசை எடுத்ததும், "என்னுதும் இருக்கு, ரெண்டுலயும் போடுங்க தம்பி" என்றார். நான் தேடியது 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். ராஜாவின் அங்கியில் தொங்கும் குட்டி யானைக்குத் தும்பிக்கை சரியாக அமையாமல், பன்றி மாதிரி இருக்கிறது என்று முஸ்லிம்கள் மனம் புண்பட, 1912-இல் திருத்தி அடித்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸைக் கொடுத்தார். 1911-இல் உள்ளது சத்தியமாகப் பன்றிதான். எடை 11.6.

பர்ஸை எடுத்தேன். "எந்த ஊர்ல இருக்கீங்க?" என்றார். சிங்கப்பூர் என்றதும் காசை மறுபடி டப்பாவில் போட்டுவிட்டார். நூறு வருஷம் தாண்டிய காசு தொல்பொருள் கணக்கு. 1972 சட்டப்படி நாட்டை விட்டு எடுத்துப் போகக் கூடாது. "ஏர்போர்ட்ல பிடிச்சா காசும் போச்சு, கேஸும் ஆச்சு. நான் வித்துட்டு நிம்மதியா இருக்க முடியாது." ஷோகேஸ் கடையில் நான் சிங்கப்பூர் என்று மூன்று தடவை சொல்லியும் இதை ஒருவரும் சொல்லவில்லை.

பதிலுக்கு 1947 ரூபாயை எடுத்தார். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் புலி. காந்தம் ஒட்டியது. திடுக்கிட்டேன். "இது நிக்கல், ஒட்டணும். வெள்ளி ரூபாய் ஒட்டினாத்தான் தப்பு." முந்நூறு ரூபாய். எடுத்துக்கொண்டேன்.

மனசு கேட்காமல் ஒரு ராஜராஜன் செம்புக் காசும் வாங்கினேன். ஒரு பக்கம் நிற்கும் ஆள், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஆள், கைக்குக் கீழே நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ. தஞ்சை ராஜா தமிழில் போட்டிருக்கலாம், என் ஆதங்கம். இது அத்தை வீட்டு பீரோவிலேயே இருக்கும் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் பில் போட்டார். போலி என்று தெரிந்தால் முழுப் பணமும் திருப்பித் தருவதாக அதில் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டார். கிளம்பும்போது, "அந்தப் பச்சைக் களிம்புதான் அதுக்கு மதிப்பே. தொடாதீங்க" என்றார்.

சிங்கப்பூர் வந்து நாலாம் நாள் அத்தை போன் செய்தார். "உன் காசு பூசணம் பிடிச்ச மாதிரி பச்சையா இருந்துச்சுடா. புளி போட்டு நல்லா விளக்கி வெச்சிருக்கேன், பளபளன்னு இருக்கு."