‘அழகற்ற வாத்துக்குஞ்சு’: வாங்கினால் முழுக் கதையாக வாங்குங்கள்

பேத்திக்கு வாங்கிய படப் புத்தகம் 16 பக்கம், விலை 60 ரூபாய். வழவழப்பான தாள், கண்ணை உறுத்தாத வண்ணங்கள். எழுத்து பெரியதாக இருப்பதால் ஒன்றாம் வகுப்புக் குழந்தை தானே எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறது. இதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வருத்தம் கதையில்தான். குஞ்சைக் கேலி செய்கிறார்கள், அது ஓடிப்போகிறது, குளிர்காலம் வந்து போகிறது, அது அன்னமாகிவிடுகிறது. அவ்வளவுதான். கடைகளில் கிடைக்கும் மெல்லிய பதிப்புகளில் நான் புரட்டிப் பார்த்தவை எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன.

டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1843-இல் எழுதி வெளியிட்ட கதை இது. முழுக் கதையின் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, தமிழில் சொல்லிச் சொல்லி இப்போது பேத்திக்குப் படித்துக் காட்டுகிறேன். பல வருடம் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். ஆண்டு நடுவில் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்து, எந்த பெஞ்சில் உட்காருவது என்று தெரியாமல் கதவோரம் நிற்கும் குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைகளுக்கு இந்தக் கதையில் என்ன இருக்கிறதோ, அதைத்தான் சுருக்கிய பதிப்புகள் வெட்டி எறிந்திருக்கின்றன.

முதலில் வாத்துப் பண்ணை. அங்கே காலில் சிவப்புத் துணி கட்டிய ஒரு கிழட்டு வாத்து இருக்கிறது. ஸ்பானிய வம்சமாம், அதனால் எல்லோரும் அதற்குத் தலைவணங்க வேண்டும். குஞ்சுகளைப் பார்த்து, “எல்லாம் நன்றாக இருக்கின்றன, அந்த ஒன்றைத் தவிர. அதைத் திரும்பச் செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும்” என்கிற மாதிரிப் பேசுகிறது. பெரியவர்கள் குழந்தையை எதிரிலேயே வைத்துக்கொண்டு இப்படிப் பேசுவதைக் கேட்காதவர் யார்? தாய் வாத்து முதலில் விட்டுக்கொடுக்கவில்லை. நல்ல குணம், நன்றாக நீந்துகிறான் என்று பரிந்து பேசுகிறாள். ஆனால் நாளாக ஆக ஊர்ப்பேச்சு அவளையும் மாற்றிவிடுகிறது. நீ எங்காவது தொலைவில் போய்விட்டால் தேவலை என்று அவளே சொல்கிறாள். படப் புத்தகத்தில் தாய் கடைசிவரை நல்லவள். அது கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் ஆண்டர்சன் எழுதியது அதுவல்ல.

அப்புறம் கிழவியின் குடிசை. என்னைக் கேட்டால் கதையின் உயிர் இங்கேதான். ஒரு கிழவி, ஒரு பூனை, ஒரு கோழி. உலகத்தில் பாதி நாங்கள்தான், அதுவும் நல்ல பாதி என்பது பூனைக்கும் கோழிக்கும் நினைப்பு. கிழவிக்குக் கண் மங்கல். குஞ்சைக் கொழுத்த பெட்டை வாத்து என்று நினைத்து, முட்டை கிடைக்கும் என்று மூன்று வாரம் சோதனைக்கு வைத்துக்கொள்கிறாள். “முட்டையிடத் தெரியுமா?” என்கிறது கோழி. தெரியாது. “அப்படியானால் வாயை மூடு.” முதுகை வளைக்கத் தெரியுமா, குர்ரென்று முனகத் தெரியுமா என்கிறது பூனை. அதுவும் தெரியாது. தண்ணீரில் மிதக்க ஆசையாக இருக்கிறது என்று குஞ்சு சொன்னால், வேலை இல்லாததால் வரும் பைத்தியக்கார எண்ணம், முட்டையிடு, சரியாகிவிடும் என்று பதில் வருகிறது. உன் நல்லதுக்குத்தான் கசப்பாகப் பேசுகிறேன், உண்மையான நண்பர்கள் அப்படித்தான் என்று வேறு சொல்கிறது கோழி.

இந்தக் குடிசையில் அடி இல்லை, உதை இல்லை. கூரை இருக்கிறது, கதகதப்பு இருக்கிறது. எங்களைப் போல மாறினால் இரு என்பது மட்டும்தான் நிபந்தனை. பண்ணையில் நடந்த கேலியைக் குழந்தைகள் உடனே தப்பு என்று சொல்லிவிடுவார்கள். இதைத் தப்பென்று கண்டுகொள்ள வளர்ந்தவர்களுக்கே நேரம் பிடிக்கும். ஒரு குழந்தைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல நான்கு பக்கம் எனக்குத் தெரியாது. 60 ரூபாய்ப் புத்தகத்தில் கோழியும் இல்லை, பூனையும் இல்லை.

அடுத்து குளிர்காலம். குஞ்சு பனிக்கட்டிக்குள் உறைந்து கிடக்கிறது. ஒரு விவசாயி மரச்செருப்பால் பனியை உடைத்து வீட்டுக்குத் தூக்கிப் போகிறார். குழந்தைகள் விளையாடக் கூப்பிடுகிறார்கள். குஞ்சோ, அடிக்க வருகிறார்கள் என்று பயந்து பால் பாத்திரத்தில் விழுந்து, வெண்ணெய்த் தொட்டியில் விழுந்து, மாவுப் பீப்பாயில் விழுந்து, திறந்திருந்த கதவு வழியே பனிக்குள் ஓடிவிடுகிறது. பேத்தி இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும், சிரிக்க வேண்டிய இடம்தான். ஆனால் அடி வாங்கிப் பழகிய குழந்தை, அன்பாக நீட்டிய கையையும் பார்த்து ஒதுங்குவது வகுப்பறையில் தினம் நடப்பது. அந்தக் குழந்தையைத் திமிர் பிடித்தது என்று சொல்லும் ஆசிரியர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

முடிவோடு மட்டும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அன்னங்களிடம் போகிற குஞ்சு, என்னைக் கொன்றுவிடுங்கள் என்று தலை குனிகிறது. குனிந்த இடத்தில் தண்ணீரில் தன் உருவத்தைப் பார்க்கிறது. மனதை உலுக்குகிற காட்சி, சந்தேகமே இல்லை. ஆனால் அன்ன முட்டையிலிருந்து வந்திருந்தால் வாத்துப் பண்ணையில் பிறந்தாலும் பரவாயில்லை என்று கதை சொல்லும்போது எனக்கு நெருடுகிறது. முட்டைதான் எல்லாம் என்றால், வாத்தாகவே பிறந்து கொஞ்சம் அவலட்சணமாகவும் இருக்கும் ஒரு குஞ்சு எங்கே போகும்? ஆண்டர்சன் ஓடென்ஸ ஊரில் செருப்புத் தைப்பவருக்கும் துணி வெளுத்துப் பிழைத்த தாய்க்கும் பிறந்தவர். 14 வயதில் தனியாகக் கோபன்ஹேகன் போனவர். 17 வயதில், தன்னைவிட மிகச் சிறிய பையன்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தவர். யோனாஸ் கோலின் என்ற பெரிய மனிதர் கைகொடுத்ததால் அந்தப் படிப்பு கிடைத்தது. அவர் மேலே வந்ததற்குக் காரணம் பிறப்பல்ல, உழைப்பும் ஒருவர் காட்டிய பரிவும். அவர் கதையே அவர் வாழ்க்கையைவிடக் குறுகிப் போனது எனக்கு வருத்தம்தான். இதைக் குழந்தைகளிடம் மறைக்க வேண்டியதில்லை, பேசலாம்.

பேத்தி வேறொன்று கேட்டாள். “அம்மாயி, அந்த அம்மா வாத்து அதைத் தேடவே இல்லையா?” இல்லை கண்ணு, கதையில் அப்புறம் அவள் வரவே இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது. நானாக ஒரு சமாதானம் கட்டிச் சொல்லவில்லை. மறுநாள் அவளே ஒரு தாளில் குளக்கரையில் நிற்கும் தாய் வாத்தை வரைந்து புத்தகத்துக்குள் செருகி வைத்தாள்.

யாருக்கு வாங்கலாம்? ஆறு வயதிலிருந்து பெரியவர் படித்துக் காட்டலாம். ஒன்பது, பத்து வயதானால் தானே படிக்கலாம். குஞ்சுக்கு முதன்முதலில் நட்பு காட்டும் இரண்டு காட்டுப் பெருவாத்துகளும் சுடப்பட்டுச் செத்து விழுகின்றன. பயந்த சுபாவக் குழந்தையென்றால் அந்த இடத்தைப் பகலில் படியுங்கள். ஆண்டர்சன் 1875-இல் இறந்தவர். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழில் அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்றால், கடையில் நின்று நடுப்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். கோழியும் பூனையும் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் வைத்துவிட்டு வேறு பதிப்பு கேளுங்கள்.